கழுவிய காலையே கழுவக் கொடுக்கிறோம்

தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரு கத்தோலிக்கக் கோவில் பங்கில் பாடகர் குழுவிலும் இளைஞர் குழுவிலும் பல வருடமாக ஓடியாடி வேலை செய்கிறார். போன மாதம் ஒரு கூட்டத்தில் "உனக்குத் தலைக்கனம் ஜாஸ்தி" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து தாழ்ச்சியாக இருக்க முயல்கிறார். முயன்றால் "பார், எவ்வளவு தாழ்ச்சி எனக்கு" என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்கிறதாம். போதாததற்குத் திருப்பலியில் உட்கார்ந்திருக்கும்போது இதெல்லாம் உண்மைதானா என்ற சந்தேகம் வேறு வருகிறது. தாழ்ச்சியும் வரவில்லை, விசுவாசமும் கையை விட்டுப் போகிறது, அன்றாட வாழ்க்கையில் ஒரு கத்தோலிக்கன் இந்த இரண்டையும் எப்படித்தான் வைத்துக்கொள்வது என்று கேட்கிறார்.

நான் சாமியார் இல்லை. தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அதைவிட அதிக வருடம் தொண்டை காய்ந்தவன், அவ்வளவுதான். தலைக்கன விஷயத்தில் மட்டும் எனக்கு நல்ல அனுபவம் உண்டு, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கூட்டத்தில் சொன்னது. அது சரியா தப்பா என்று நீங்கள் பார்த்தீர்களா தம்பி? பார்த்த மாதிரி தெரியவில்லை. ஒருவர் சொன்னதும் நேராகத் தாழ்ச்சிப் பயிற்சியில் இறங்கிவிட்டீர்கள். என் அப்பா செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை பார்த்தவர். வெள்ளிக்காரர்கள் தரத்தை டச் கணக்கில், நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்று, சொல்வார்கள் என்பது சேலத்தில் எல்லோருக்கும் தெரியும். எழுபது டச் சரக்கைத் தொண்ணூறு என்று சொல்லி விற்றால் அவன் மோசக்காரன். தொண்ணூறு டச் வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு "ஐயோ, இது வெறும் எழுபதுங்க" என்று ஒருவன் கும்பிட்டால் அவனை என்ன சொல்வது? அப்பா பட்டறையில் அவனைப் பைத்தியக்காரன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். கோவிலில் மட்டும் அவனுக்குத் தாழ்ச்சியுள்ளவன் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

அவிலா தெரசம்மாள், 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் மடம் மடமாகக் கட்டிக்கொண்டே போன அந்தத் துறவி, கடவுளுக்குத் தாழ்ச்சி ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று ஒருநாள் யோசித்தாராம். யோசித்ததில் அவருக்குப் பட்டது இது: கடவுள் உண்மையானவர், தாழ்ச்சி என்பது உண்மைக்குள் நடப்பது. இதற்கு மேல் நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. உங்களுக்கு நன்றாகப் பாட வருமென்றால் வரும் என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் குரலை நீங்கள் கடையில் வாங்கவில்லை என்பதும் உண்மை, மற்றவர்கள் சுருதி விலகும்போது நீங்கள் முகத்தைச் சுளிப்பதும் அநேகமாக உண்மையாக இருக்கும் (நான் பார்த்ததில்லை, ஆனால் பாடகர் குழுக்களைப் பார்த்திருக்கிறேன்). மூன்றையும் சேர்த்து ஏற்றுக்கொண்டால் ஆயிற்று. அந்த ஆளிடமே போய் "எதை வச்சு அப்படிச் சொன்னீங்க அண்ணே?" என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். சண்டைக்கு இல்லை, டச் பார்க்க.

நம்மிடம் ஒரு வியாதி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பங்குப் பேரவைக்கு ஆள் எடுக்கும்போது "ஐயோ ஃபாதர், நான் எல்லாம் எம்மாத்திரம்" என்று மூன்று முறை மறுப்போம். இரண்டாம் முறையோடு ஃபாதர் விட்டுவிட்டு அடுத்தவரைப் பார்த்துத் திரும்பினால் அன்று ராத்திரி நமக்குச் சாப்பாடு இறங்காது. நானும் அதில் ஒருவன். எங்கள் பங்குத் திருவிழாப் பாடல் திருப்பலியில் முதல் வாசகம் பல வருடமாக நான்தான் வாசித்து வந்தேன். ஒரு வருடம் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணை வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். இறங்கிப் போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளை எங்கே தடுக்கும் என்று வாக்கியம் வாக்கியமாகக் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு "ழ"கூடத் தப்பவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது! கடவுளுடைய வார்த்தை நன்றாக வாசிக்கப்பட்டதில் ஏமாற்றமடைந்த மறைக்கல்வி ஆசிரியர். உங்கள் தலைக்கனம் எந்த அளவோ எனக்குத் தெரியாது, என்னுடையது இந்த அளவு.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தாழ்ச்சியை நாம் ஏதோ செய்து சாதிக்க வேண்டிய காரியம் என்று நினைப்பதில்தான் கோளாறு. எனக்கு இது புரிந்தது ஏற்காட்டு மலையில்.

கொஞ்ச வருடங்கள் அக்டோபர் மாதத்தில், செபமாலை மாதம் அல்லவா, மேலே எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் சாயந்திரச் செபமாலைக்கு வழிநடத்தப் போய்க்கொண்டிருந்தேன். அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து இறங்கினால், அங்கிருந்து காப்பித் தோட்டத்துக்குள் நடை. அக்டோபர் என்றால் மழை. ஒரு திங்கட்கிழமை, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இறங்கும் ஒரு சரிவில் வழுக்கி, முழங்கால் வரை சேறு. அன்றைக்குச் செபமாலை வைத்திருந்த வீட்டில் ஒரு கிழவி மட்டும் வாசலில் நின்றாள். காப்பிப் பழம் பறித்தே விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன கை. என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரும் துண்டும் கொண்டுவந்து திண்ணைக்குக் கீழே குந்திக்கொண்டு, "கால நீட்டு கண்ணு" என்றாள்.

நான் காலை இழுத்துக்கொண்டேன். "ஐயோ வேண்டாம்மா, நீங்க போய் என் காலை... கொடுங்க, நானே ஊத்திக்கிறேன்." அவள் செம்பைக் கொடுக்கவில்லை. "சேத்தோட மாதா முன்னாடி உக்காருவியா?" என்று கேட்டுவிட்டு என் கணுக்காலைப் பிடித்து இழுத்து, விரலிடுக்கு வரை தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டாள். துண்டு அவளுடைய தோள் துண்டு. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்தை அன்றைக்கு நான் தாழ்ச்சி என்றே நினைத்துக்கொண்டேன். "பெரியவங்க நம்ம காலைத் தொடக் கூடாது" என்ற நல்ல எண்ணம் என்று.

அப்புறம் செபமாலை ஆரம்பித்தேன். திங்கள் என்றால் சந்தோஷ தேவரகசியம். விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், அதன்பின் மூன்று சின்ன மணிகள். பழைய செபத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், அந்த மூன்றில் முதலாவது, "எங்கள் ஆத்துமத்தில் விசுவாசம் என்கிற புண்ணியம் உண்டாகிப் பலன் அளிக்கும்படிக்கு" மாதாவிடம் மன்றாடுவது. அதைத் தாண்டியதும் முதல் காரணிக்கம், அதாவது முதல் தேவரகசியம், கபிரியேல் தூதர் மாதாவுக்கு மங்கள வார்த்தை சொன்னது. அதில் நாம் கேட்கும் வரம் தாழ்ச்சி. விசுவாசமும் தாழ்ச்சியும் செபமாலையில் இப்படிப் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். இரண்டையும் நாம் கேட்கத்தான் செய்கிறோம் என்பதைக் கவனியுங்கள் தம்பி. செய்து முடித்ததாக யாரும் அங்கே கணக்குக் கொடுப்பதில்லை. "தாழ்ச்சி என்னும் வரத்தைக் கேட்போமாக" என்று நான் கணீரென்று சொன்னபோது அந்தக் கிழவி கண்ணை மூடிக்கொண்டு "ஆமென்" என்றாள். என் கால் இன்னும் ஈரமாக இருந்தது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஏனென்றால் யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் கால் கழுவுகிற இடத்தில் இரண்டு பேர் உண்டு. நாம் எப்போதும் குனிந்து கழுவுகிற இயேசுவைப் பற்றியே பிரசங்கம் கேட்கிறோம். கழுவக் கொடுக்க மறுத்தவர் ஒருவர் இருக்கிறார், பேதுரு. "நீர் என் காலடிகளைக் கழுவ விடவே மாட்டேன்" என்கிறார். எவ்வளவு மரியாதையான பேச்சு! அதற்கு இயேசு சொன்ன பதில் கொஞ்சம் கடுமையானது: நான் கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கு இல்லை. பேதுருவின் மறுப்பில் இருந்தது தாழ்ச்சி இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் மலையில் காலை இழுத்துக்கொண்டதும் அதே கதைதான். கொடுக்கிற இடத்தில் நின்றே பழகியவனுக்கு வாங்குகிற இடத்தில் உட்காரத் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அடுத்த வருடம் பெரிய வியாழனுக்கு, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின வியாழன் அது, எங்கள் பங்கில் பாதம் கழுவ 12 பேரில் ஒருவனாக என்னைப் போட்டார்கள். அன்று மதியம் வீட்டில் நான் என்ன செய்தேன்? படிக்கல்லில் குதிகாலைத் தேய்த்து, நகம் வெட்டி, சோப்புப் போட்டு, பவுடர்கூடக் கொஞ்சம் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்க்கிறேன், புதுச் செருப்பு. அத்தனை பேர் காலும் பளபளவென்று இருந்தது. ஃபாதர் ஊற்றிய தண்ணீர் வந்தபடியே சுத்தமாகத் தட்டில் விழுந்தது. கழுவிய காலைத்தான் கழுவக் கொடுக்கிறோம். அழுக்கைக் காட்டச் சம்மதமில்லை. (2016ல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தப் பன்னிரண்டில் பெண்களையும் சேர்க்கலாம் என்று விதியை மாற்றிய பிறகு எங்கள் பங்கில் பெண்களும் உட்காருகிறார்கள், அவர்கள் கால் இன்னும் பளபளப்பு.)

இதைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள், கத்தோலிக்க வாழ்க்கையின் அமைப்பே இப்படித்தான் இருப்பது தெரியும். யாரும் தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்ள முடியாது, ஆபத்து நேரத்தில்கூட இன்னொருவர் வேண்டும். யாரும் தனக்குத் தானே பாவமன்னிப்புக் கொடுத்துக்கொள்ள முடியாது. திருத்தந்தையே ஆனாலும் வேறொரு குருவின் முன்னால் போய் முழங்காலில் நிற்கத்தான் வேண்டும். நோயில் பூசுதல் அப்படியே, குருப்பட்டம் அப்படியே. திருமணத்தில் மணமக்கள் ஒருவருக்கு ஒருவர் அந்த அருள்சாதனத்தைக் கொடுக்கிறார்கள், சாமியார் சாட்சிதான் என்பது நம் இலத்தீன் முறைத் திருச்சபையின் போதனை. அதாவது உங்கள் மனைவி கையிலிருந்துதான் உங்களுக்கு அது வந்தது, மறந்துவிடாதீர்கள். நற்கருணையில், அதாவது திருப்பலியில் அப்பம் வாங்கும்போது, மக்கள் தாங்களாகக் கை நீட்டி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வழிபாட்டு ஒழுங்கு சொல்கிறது. கையில் வாங்கினாலும் நாவில் வாங்கினாலும் வாங்கத்தான் வேண்டும். எடுத்துக்கொள்வது கிடையாது. ஓட்டலில் தட்டு எடுத்துக்கொண்டு நாமே பரிமாறிக்கொள்கிற பழக்கம் இங்கே ஒரு இடத்திலும் செல்லாது. ஞாயிறு தவறாமல் நாம் போய் நிற்பது ஒரு பிச்சைக்கார வரிசையில். அதில் முன்னால் போகத்தான் அடித்துக்கொள்கிறோம், அது வேறு விஷயம்.

விசுவாசமும் இதே கணக்குத்தான். பழைய ஞானஸ்நானச் சடங்கில் வாசலிலேயே குரு ஒரு கேள்வி கேட்பார்: இறைவனின் திருச்சபையிடம் என்ன கேட்கிறாய்? குழந்தைக்காக ஞானத்தகப்பன் சொல்லும் பதில் ஒரே சொல், விசுவாசம். கேட்டு வாங்கிய பொருள் அது. தமிழில் இந்த வார்த்தைகளும் கொஞ்சம் இடம் மாறியிருக்கின்றன, அதனால் வரும் குழப்பம் உண்டு. என் அம்மாவுக்கு விசுவாசம் ஒன்று, நம்பிக்கை வேறொன்று. இப்போதைய மொழிபெயர்ப்பில் விசுவாசத்தின் இடத்தில் நம்பிக்கை உட்கார்ந்துவிட்டது, பழைய நம்பிக்கைக்கு எதிர்நோக்கு என்று பெயர். தாழ்ச்சி, மனத்தாழ்மை ஆயிற்று. கடைசி வரை அம்மா "எதிர்நோக்கு"க்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. எனக்கும் தாழ்ச்சி என்ற சொல்லே வாயில் வருகிறது. சின்னக் குறிப்பிடம் என்ற பழைய மறைக்கல்விப் புத்தகத்தில் தலையான பாவங்கள் ஏழுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழு என்று மனப்பாடம் செய்தோமே, தாழ்ச்சி, பொறுமை, கற்பு, உதாரம், மட்டசனம் (அளவாகச் சாப்பிடுவது), பிறர் சிநேகம், சுறுசுறுப்பு, அந்தத் தாளம் போகாது.

தாழ்ச்சி, விசுவாசம் இரண்டில் எது முதல் என்று 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் பார்த்திருக்கிறார். ஆன்ம வீட்டுக்கு அஸ்திவாரம் எது என்ற கேள்விக்கு, தடையை அகற்றுகிற வகையில் தாழ்ச்சி முதல், கடவுளை நேராக அணுகுகிற வகையில் விசுவாசம் முதல் என்கிறார். வீடு கட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். நம் சேலத்து மண்ணில் அஸ்திவாரம் தோண்டினால் மூன்றடியில் பாறை வந்து நிற்கும், உடைத்து வெளியே போட்டால்தான் உள்ளே எதையாவது வைக்க முடியும். தோண்டுவது ஒரு வேலை, வைப்பது ஒரு வேலை, இரண்டும் ஒரே குழியில் நடக்கிறது.

அதனால் உங்கள் சந்தேகத்தைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. சந்தேகம் வந்தால் கர்வம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை விட்டுத்தள்ளுங்கள். குழந்தை இயேசுவின் தெரசாவை எடுத்துக்கொள்ளுங்கள், நாம் ரோசாப்பூவோடு படம் மாட்டி வைத்திருக்கிறோமே, அவர்தான். 1896 உயிர்ப்புத் திருநாள் காலத்தில் ஆரம்பித்து 1897ல் 24 வயதில் காசநோயில் சாகும் வரை, மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்ற இருட்டிலேயே கிடந்தார். அந்த இருட்டில் அவர் சொன்னதுதான் என்னை அசைத்தது: விசுவாசம் இல்லாதவர்களின் மேசையில் தானும் உட்கார்ந்து அவர்கள் அப்பத்தைச் சாப்பிடச் சம்மதிக்கிறேன் என்ற பொருளில் எழுதிவைத்தார். எனக்கு விசுவாசம் இருக்கிறது, அவனுக்கு இல்லை என்று பிரித்துப் பேசவில்லை. திருச்சபை அவரை 1997ல் மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே ஆசிரியர், ஆக்கியது. அன்னை தெரேசாவும் பல பத்தாண்டுகள் இதே இருட்டில் இருந்தார் என்பது 2007ல் அவர் கடிதங்கள் புத்தகமாக வந்த பிறகுதான் நம்மில் பலருக்குத் தெரிந்தது. மாற்கு நற்செய்தியில் வலிப்பு நோயுள்ள பையனின் தகப்பன் "நான் நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்" என்று கத்தினாரே, ஒரே மூச்சில் இரண்டும். இயேசு அவரை "முதலில் நம்பிக்கையை ஒழுங்கு பண்ணிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பவில்லை, பையனைக் குணமாக்கினார். அழுக்குக் காலோடு போவது என்றால் இதுதான் தம்பி. சந்தேகம் தீர்ந்த பிறகு பூசைக்குப் போகலாம் என்பது பெரிய வியாழனுக்கு முன்னால் சோப்புப் போடுவது மாதிரி.

இன்னொன்று சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். தாழ்ச்சி என்ற சொல்லை நம் ஊரில் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தாழ்ந்து போ என்று எப்போதும் மேலே நிற்பவன் கீழே நிற்பவனிடம் சொல்கிறான். சாதியைச் சொல்லி ஒரு குடும்பத்தைத் தேர் வடத்தைத் தொட விடாமல் வைத்துவிட்டு, அவர்கள் கேள்வி கேட்டால் "கிறிஸ்தவனுக்குத் தாழ்ச்சி வேண்டாமா" என்று பேசிய கூட்டத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன், வாயைத் திறக்காமல். அது தாழ்ச்சியே இல்லை. எழுபது டச்சைத் தொண்ணூறு என்று சொல்லிக்கொண்டு ஒருவன், அவன் மிதிக்கிற ஆளைத் தன் தொண்ணூறை எழுபது என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறான். இரண்டுமே பொய்க் கணக்கு.

இதற்கு நமக்கு வெளிநாட்டுப் புனிதர் தேவையில்லை, தேவசகாயம் போதும். பத்மநாபபுரம் அரண்மனையில் செல்வாக்கான வேலை, பெரிய குடும்பம். 1745ல் ஞானஸ்நானம் பெற்றபின் எல்லாச் சாதியாரோடும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அதற்கு மேல் அவர் பட்டபாடு உங்களுக்குத் தெரியும்: எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனது, கடைசியில் 1752 ஜனவரி 14 ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றது. எருமை மேல் உட்கார்ந்தார், ஆனால் திருவிதாங்கூர் ராஜா சொன்னபடி விசுவாசத்தை விடவில்லை. தன் மரியாதையை விட்டுக்கொடுத்தார், அடுத்தவன் மரியாதையை விட்டுக்கொடுக்கவில்லை. 2022 மே 15ல் புனிதர் பட்டம் கொடுத்தபோது பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தைத் திருச்சபை எடுத்துவிட்டது, நல்ல வேலை செய்தார்கள். ஆகவே தம்பி, உங்கள் கூட்டத்தில் உங்களைத் தலைக்கனம் என்றது நீங்கள் ஒரு அநியாயத்தைக் கேட்டதற்காக என்றால், அந்தத் தலைக்கனத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவமானம் பற்றி இன்னொரு கதை. ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளி எல்லோருக்கும் தெரியும், 1917லிருந்து இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய ஆள் என்ன பாடுபட்டார் என்று எனக்கே வெகுநாள் தெரியாது. லூயி தெ மான்ட்ஃபோர்ட், பிரான்சு நாட்டுக் குரு. பொன்ஷாத்தோ என்ற ஊரில் ஆயிரக்கணக்கான குடியானவர்களைச் சேர்த்து ஒரு வருடத்துக்கு மேல் மண் சுமந்து ஒரு பெரிய கல்வாரிக் குன்றை எழுப்பினார். 1710 செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருநாளில் மந்திரிப்பு, அதாவது அதை ஆசீர்வதிக்கும் சடங்கு. முந்தின நாள் ஆயரிடமிருந்து தடை வருகிறது, மந்திரிக்கக் கூடாது. அப்புறம் அரசாங்கத்திலிருந்து அந்தக் குன்றையே இடிக்கச் சொல்லி உத்தரவு. அவர் ஆயரோடு மல்லுக்கு நிற்கவில்லை, குருத்துவத்தை விட்டுப் போகவும் இல்லை, ஒரு தியானத்துக்குப் போய்விட்டு அடுத்த ஊருக்குப் பிரசங்கம் செய்யக் கிளம்பினார். எனக்கு ஒரு வாசகம் பறிபோனதற்கே ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. திருவிழா நோட்டீஸில் பெயர் விடுபட்டதற்காகப் பங்கையே மாற்றிக்கொண்டு போனவர்களையும் தெரியும்.

செய்ய வேண்டியது என்ன என்று கேட்டிருந்தீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. யாராவது "நல்லாப் பாடினீங்க" என்றால் "நன்றிங்க" என்று சொல்லி நிறுத்துங்கள். "எல்லாம் ஆண்டவர் செயல்" என்று நீட்டினால் அவர் இன்னொரு தடவை பாராட்ட வேண்டியிருக்கும், பாவம். தப்பு செய்தால் "தப்புதான்" என்பதற்குப் பின்னால் "ஆனால்" போடாதீர்கள், இது சொல்வதற்கு எளிது, ஒரு வாரம் முயன்று பாருங்கள். குழுவில் சின்னப் பையன் ஒருவனிடம் உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், செல்போனில் ரெக்கார்டிங் செய்வதாகவே இருக்கட்டும். காசு கஷ்டம் என்றால் நண்பனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் "கோபப்பட்டேன், பொய் சொன்னேன்" என்று பொதுவாக ஒப்பித்துவிட்டு வராமல், ஒன்றையாவது நடந்தது நடந்தபடி சொல்லுங்கள், நான் அந்தப் பிள்ளை தடுமாற வேண்டுமென்று உட்கார்ந்திருந்ததைச் சொன்ன மாதிரி. குரு சிரித்துவிட்டார், அதுவும் ஒரு மருந்து.

மனத்தாழ்மைக்கென்று ஒரு மன்றாட்டுமாலை இருக்கிறது, கர்தினால் மெரி தெல் வால் எழுதியது என்று சொல்வார்கள். பாராட்டப்பட வேண்டும் என்ற ஆசையிலிருந்து, மறக்கப்படுவோம் என்ற பயத்திலிருந்து விடுவித்தருளும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். நல்ல செபம். ஆனால் உங்களைத் திட்டியவர் அதை அச்சடித்துக் கையில் கொடுத்தால் வேண்டாம், நீங்களாகத் தேடிப்போகிற காலம் வரட்டும்.

அந்த உள்குரல்? "பார், எவ்வளவு தாழ்ச்சி" என்கிற குரலா? அது சாகாது. எனக்கு அறுபது தாண்டியும் சாகவில்லை, இந்தப் பதிலை எழுதும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து "நல்லா எழுதுறே" என்கிறது. அதோடு மல்லுக்கட்டினால் அதற்குத்தான் கொண்டாட்டம். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் பாட்டைப் பாருங்கள்.

அந்தக் கிழவியைக் கடைசியாகப் பார்த்ததைச் சொல்கிறேன். நான் நற்கருணைப் பணியாளராக இருந்த காலம், நோயாளிகளுக்குக் கொண்டுபோகிற முறையில் அவள் பெயரும் இருந்தது. இடுப்பு ஒடிந்து கட்டிலோடு இருந்தாள். பேத்தி மெழுகுவர்த்தி ஏற்றி ஸ்டூல் மேல் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தாள். "நீர் எழுந்தருளி வர நான் தகுதியற்றவள்" என்று பழைய செபத்தைக் கிழவி முணுமுணுத்து முடித்து, வாயைத் திறந்து, வாங்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அப்புறம் கண்ணைத் திறந்து என் காலைத்தான் பார்த்தாள். அன்றைக்கும் தூறல், கணுக்கால் வரை செம்மண்.

"சேத்தோடயே வந்துட்டியா கண்ணு" என்றாள். பேத்தியைப் பார்த்து, "ஏ புள்ள, சாருக்குத் தண்ணி ஊத்து."

நான் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் செம்பை வைத்துக்கொண்டு குந்தி, "தண்ணி ஜில்லுன்னு இருக்கும், பரவால்லையா சார்?" என்று கேட்டது. காலை நீட்டினேன். ஜில்லென்றுதான் இருந்தது.